நடுவில் யாரும் கேட்பதில்லை

அலுவலகத்தில் அவளை எல்லாரும் மார்க் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மார்க் போடுவது அவள் வேலை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதைக் கை கூசாமல் செய்து வந்தாள்.

வாஷிங் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. மெஷின் சட்டையைக் கிழித்தாலும், தண்ணீரைக் கக்கினாலும், வாங்கிய மறுநாளே மூச்சை நிறுத்திக்கொண்டாலும் ஜனங்கள் இங்கேதான் போன் செய்து கத்துவார்கள். காதில் ஹெட்செட்டும் கண்ணில் தூக்கமுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அந்தக் கத்தலை வாங்கிக்கொள்வார்கள். எல்லாப் பேச்சும் பதிவாகும். மார்க் அக்கா பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அந்தப் பதிவுகளைக் கேட்பாள். வணக்கம் ஒழுங்காகச் சொன்னானா, பேர் சொல்லிக் கூப்பிட்டாளா, வைக்கும்போது நன்றி சொன்னார்களா என்று பார்த்து மார்க் போடுவாள். அனுதாபத்துக்குப் பத்து. 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது' என்ற வாக்கியம் வந்துவிட்டால் ஐந்து. நிஜமாகவே புரிந்தவர் மாதிரி சொன்னால் இன்னொரு ஐந்து. அந்த இரண்டாவது ஐந்தை அவளிடமிருந்து வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், விரல் மிஞ்சும்.

அந்த வேலையில் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பதிவையும் யாரும் முழுக்கக் கேட்பதில்லை. கேட்டால் மாளாது. தலையைக் கேட்பார்கள், வாலைக் கேட்பார்கள், நடுவைத் தாண்டிப் போய்விடுவார்கள். நடுவில் என்ன இருக்கப் போகிறது? பில்லைத் தேடும் சத்தம், பீரோ திறக்கும் சத்தம், பின்னால் அழும் குழந்தை. திரையில் பேச்சு ஒரு மலைத்தொடர் மாதிரி ஓடும். கத்தல் செங்குத்தாக நிற்கும். அழுகை சின்னச் சின்ன மேடாகத் தெரியும். மௌனம் என்றால் வெறும் கோடு. கோடு வந்தால் தாண்டிவிடுவார்கள்.

வேலையால் வந்த வியாதியா, வியாதிக்கு வேலை ஒரு சாக்கா என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக அவளுக்கு உயிரோடு இருப்பது பிடிக்கவில்லை. இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. விரிவாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை. காலையில் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாய் வரைக்கும் கொண்டு போக வேண்டுமே என்று மலைத்து நிற்பாள். சோறு காகிதம் மாதிரி இருந்தது. குளித்துவிட்டு வந்தால் ஏதோ மூட்டை தூக்கியதுபோல் தோள் வலித்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

காரணம் இருந்தால் தேவலை. குடிகாரப் புருஷன், கொடுமைக்கார மாமியார் என்று ஏதாவது அமைந்திருந்தால் அவர்கள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகக் கஷ்டப்பட்டிருக்கலாம். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. மாமியார் வெளியூரில் இருந்துகொண்டு போனில் நலம் விசாரிப்பவர். புருஷன் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவர். கடுகளவு திருகாணியைக் கீழே போட்டுவிட்டு முட்டி போட்டுத் தேடும்போதுகூட ஒரு கெட்ட வார்த்தை வராது. மகள் பள்ளியின் கடைசி வகுப்பு. படி என்று சொல்லாமலே படிப்பவள். குறை சொல்ல ஆளில்லாத வீட்டில் இருந்துகொண்டு சாக நினைப்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஆறுதல் உள்ளே இறங்காததுதான். "ஏம்மா, நான் இருக்கேன்ல" என்று புருஷன் அவள் தலையைத் தடவுவார். உடனே அவள் மண்டைக்குள் ஒரு பேனா எழுந்துவிடும். அனுதாப வாக்கியம் உண்டு, குரலில் ஏற்ற இறக்கம் போதாது, பத்துக்கு ஆறு. வேண்டுமென்று செய்யவில்லை. பல் கூசுகிறவன் ஐஸ் தண்ணீரைப் பார்த்ததும் உதட்டை மூடிக்கொள்கிற மாதிரி அது தானாக நடந்தது. மகள் ஒருநாள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள். ஏழு. பெற்ற பிள்ளைக்கு ஏழு போட்டதை நினைத்துக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதைச் சொன்ன பெண், உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது என்றும் சொன்னாள். நான்குதான் தேறியது. அவசரம் என்றால் இன்னும் லைசென்ஸ் வாங்காத ஒருவர் இருக்கிறார், திங்கட்கிழமைகளில் பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

அந்த ஒருவர் இருந்தது ஒரு பல் டாக்டரின் மாடியில். முன்பு பஞ்சும் மருந்தும் அடுக்கி வைத்திருந்த அறை போலிருக்கிறது. கடைவாய்ப் பல்லைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் இன்னும் சுவரில் தொங்கியது. கீழே பல்லைக் குடையும் சத்தம் விட்டுவிட்டு மேலே வரும். அடுத்தவர் வலியைக் கேட்டுக்கொண்டே தன் வலியைப் பேச வசதியான இடம். நாற்காலிகள் இரண்டு. ஆடாத நாற்காலியை அந்தப் பெண் இவளுக்குக் கொடுத்துவிட்டு, ஆடுவதில் தான் உட்கார்ந்தாள். மகளைவிட ஏழெட்டு வயசுதான் மூத்திருப்பாள். தண்ணீர் பாட்டிலில் பூனைப் படம் ஒட்டியிருந்தது.

"மேடம், முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. படிப்பு முடிஞ்சிடுச்சு, லைசென்ஸ் இன்னும் வரல. சீனியர் மேடம் ஒருத்தரோட மேற்பார்வையிலதான் ஆளுங்களைப் பார்க்கறேன். அதனால நாம பேசறதைப் பதிவு பண்ணி அவங்ககிட்ட காட்டணும். சம்மதமா?"

"பயிற்சிக்காகவும் சேவையின் தரத்துக்காகவும் இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்," என்றாள் மார்க் அக்கா.

"அதேதான். எப்படி மேடம் கரெக்டா சொன்னீங்க?"

மார்க் அக்காவுக்குப் பல மாதத்துக்கு அப்புறம் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டது. இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டுக்குச் சொல்வேன் என்று அந்தப் பெண் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, புருஷனின் நம்பரையும் இருவரும் வேலை செய்யும் இடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மேசைமேல் பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஊரில் இவள் ஒருத்திதான் அந்த விளக்கைப் பார்த்துப் பயப்படாதவள்.

வாரா வாரம் போனாள். அந்தப் பெண் மோசமாகத்தான் செய்தாள். டிஷ்யூ பெட்டியை அழுவதற்கு முன்னாலேயே நகர்த்திவிடுவாள். மேசைக்கடியில் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். மூச்சு வாங்கினால்கூட, "நீங்க சொல்றதை நான் கேட்டுட்டிருக்கேன்" என்பாள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று மார்க். சில நாள் இரண்டு. ஆனாலும் மார்க் அக்கா ஒரு திங்கட்கிழமையைக்கூட விடவில்லை. இவ்வளவு மோசமாகச் செய்கிறவளுக்குப் பொய் சொல்ல மட்டும் எப்படி வரும் என்று ஒரு சபலம்.

அந்தச் சபலம் போதவில்லை. அவள் நாள் குறித்துவிட்டாள். வியாழக்கிழமையோடு மகளுக்குப் பரீட்சை முடிகிறது. அதற்கு அப்புறம். பிள்ளையின் பரீட்சையைக் கெடுக்கக் கூடாது என்கிற பொறுப்பு, சாகப் போகிறவளுக்கும் இருந்தது.

நாள் குறித்ததும் உடம்பு லேசானது. இதுதான் பெரிய வேடிக்கை. கை கால் ஓடியது. சமையலறை டப்பாக்களைத் துடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டினாள். வாஷிங் மெஷின் கம்பெனிக்காரியின் புருஷனுக்கு இத்தனை வருஷமாக மெஷின் போடத் தெரியாது; அவரைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். வெள்ளைத் துணி தனி, கலர் துணி தனி, சட்டைப் பையில் கை விட்டுப் பார்க்கணும். அவர் கடையில் லென்ஸைப் பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பட்டன்களைப் பார்த்தார்.

"மூணாவது பட்டன் எதுக்கு?"

"அது கடைசியில. பிழியறதுக்கு."

"நீதான் இருக்கியே, எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"ஒரு நாள் எனக்கு முடியலைன்னா? கத்துக்கோங்க," என்றாள்.

அவர் சந்தோஷமாகக் கத்துக்கொண்டார். மூன்றாவது பட்டனை மட்டும் ஒவ்வொரு தடவையும் மறந்தார். தன் அம்மாவுக்குப் போன் போட்டு, இப்போதெல்லாம் நன்றாக இருக்கிறாள், முகமே தெளிந்துவிட்டது என்றார். பொய்யில்லை. தெளிந்துதான் இருந்தது.

அந்தக் கடைசித் திங்கட்கிழமை அவளுக்கு ஒரு ஆசை. சொல்லிவிட வேண்டும். நாளைக்கு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது. சொன்னேன், பதிவில் இருக்கிறது, போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குள் யார் காதிலும் விழுந்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் பொருத்தமான இடம் எது என்று இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. அந்தச் சீனியர் மேடம் தலையைக் கேட்பார், வாலைக் கேட்பார். நடுவில் வைத்துவிடலாம். எதிரில் இருக்கும் பெண்ணோ கேள்வித் தாளில் இருப்பதைத் தாண்டி எதுவும் கேட்கத் துணியாதவள்.

ஆரம்பத்தில் நல்ல பேச்சாகக் கொடுத்தாள். மகளின் கணக்குப் பரீட்சை, அலுவலகத்து ஏசி, புருஷன் மெஷின் படித்த கதை. அந்தப் பெண் சிரித்தாள்கூட. பேச்சு நடுவுக்கு வந்ததும், குரலைத் தாழ்த்தாமல், மாற்றாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

"வியாழக்கிழமை பொண்ணுக்குப் பரீட்சை முடியுது. அதுக்கு மேல நான் உயிரோட இருக்கப் போறதில்ல. முடிவு பண்ணிட்டேன்."

கீழே பல் குடையும் சத்தம் நின்றிருந்தது. ஆடிக்கொண்டிருந்த முட்டி நின்றது. அந்தப் பெண்ணின் கண் இவள் முகத்தில் ஒரு நொடி நின்று, மேசைமேல் இருந்த கேள்வித் தாளுக்கு இறங்கியது. மார்க் அக்காவுக்குத் திரையில் கோடு ஓடுவது தெரிந்தது. நீளமான கோடு.

"தூக்கம் எப்படி இருக்கு மேடம்? ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

மார்க் அக்காவுக்கு இது பழகிய விஷயம். புதுசாகச் சேர்ந்த பிள்ளையிடம் வாடிக்கையாளர் அம்மா ஒருத்தி, போன வாரம் வீட்டுக்காரர் போய்விட்டார், அவர் சட்டை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, மெஷின் கதவு திறக்கவில்லை என்று அழுவாள். பிள்ளை ஒரு நிமிஷம் பேச்சு மூச்சில்லாமல் இருந்துவிட்டு, மெஷினின் பின்பக்கம் இருக்கும் நம்பரைச் சொல்லுங்கள் என்பான். ஈவிரக்கம் இல்லாமல் அல்ல, பயத்தில். அடுத்த கேள்விதான் கைப்பிடிச் சுவர். அதற்கு அவள் பத்துக்குப் பத்தும் வெட்டுவாள்.

"ஆறு மணி நேரம்," என்றாள்.

வால் பிரமாதமாக அமைந்தது. அடுத்த திங்கள் பார்க்கலாமா என்றாள் அந்தப் பெண். பார்க்கலாம், ரொம்ப நன்றி என்றாள் இவள். எந்த மேடம் கேட்டாலும் முழு மார்க் போடுவார்.

பாதிப் படி இறங்கியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யார் காதிலும் விழக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தவள் அவள்தான். விழவில்லையே என்று விக்கி விக்கி அழுதவளும் அவள்தான். கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் கீழே வரிசையில் இருந்தார். இவளைப் பார்த்து மனசு கேட்காமல், "பல்லா அம்மா? பயப்படாத, பிடுங்கிட்டா சரியாப் போயிடும்," என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

செவ்வாய் போனது. புதன்கிழமை மகளின் உடுப்பை அயர்ன் பண்ணிவிட்டு வேலைக்குப் போனாள். செல்போனை வழக்கம்போல் வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டினாள். உள்ளே கொண்டு போக அனுமதியில்லை. மத்தியானம் குரூப் லீடர் கண்ணாடிக் கதவைத் தட்டினான்.

"அக்கா, ஒரு கால். மெஷின் நம்பர் கேட்டா மெஷினே இல்லங்கறாங்க. புகாரும் இல்லையாம். உங்களைத்தான் வேணுங்கறாங்க. வெக்கச் சொன்னா வெக்க மாட்டேங்கறாங்க, அழறாங்க. என்னன்னு நீங்களே பாருங்க."

ஹெட்செட்டை மாட்டினாள்.

"அக்கா, நான்தான்."

அதுவரைக்கும் மேடம். இப்போது அக்கா.

"உங்க செல் அடிச்சுட்டே இருக்கு, எடுக்கல. இந்த நம்பர்தான் கிடைச்சுது. தண்ணி ஒழுகினா ஒண்ணை அழுத்து, சத்தம் வந்தா ரெண்டை அழுத்துன்னு சொல்லிட்டே இருந்துச்சு. எதை அழுத்தறதுன்னு தெரியாம எல்லாத்தையும் அழுத்திட்டேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "திங்கக்கிழமை நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அப்பவே கேட்டுச்சு அக்கா. பயந்துட்டேன். அடுத்த கேள்விக்குத் தாவிட்டேன்."

அப்புறம் அவள் மூச்சு விடாமல் சொன்னது இது. பயிற்சியில் இருப்பவர்கள் ஒவ்வொரு பேச்சையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து மேடத்திடம் கொடுக்க வேண்டும். இருமினால் இருமல், சும்மா இருந்தால் சும்மா இருந்தது என்று எழுத வேண்டும். திங்கள் பேச்சை இரண்டு நாளாகத் தள்ளிப் போட்டாள். ஒன்றுமில்லை, வேகத்தில் சொல்லியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இன்றைக்கு உட்கார்ந்தாள். இவள் சொன்னதை அடித்தாள். அதற்குக் கீழே தன்னுடைய மௌனத்தை அடித்தாள். அதற்குக் கீழே தூக்கம் எப்படி இருக்கு என்று அடிக்கக் கை வரவில்லை. ஹெட்போனோடு மேடத்தின் அறைக்கு ஓடினாள். மேடம் நின்றபடியே கேட்டார். கண்ணாடிக் கடைக்குத் தான் போன் போட்டுக்கொண்டே, அந்தப் பெண்ணை இங்கே போடச் சொன்னார்.

லைசென்ஸ் வாங்கிய யாரும் இப்படி எழுத வேண்டியதில்லை. மூன்று மாதம் காத்திருந்து அனுபவஸ்தர் ஒருவரிடம் போயிருந்தால், அவர் இன்னும் அழகாகக் கேட்டிருப்பார். ஆனால் அந்தப் பேச்சை அவரே உட்கார்ந்து இரண்டாம் தடவை கேட்டிருக்க மாட்டார். இது மார்க் அக்காவுக்குத் தெரியாமல் போயிற்று. பதிவுகளைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒரே விஷயம்.

முதலில் வந்தது கோபம்.

"உன்னை யாரு நடுவுல கேக்கச் சொன்னா?"

"நான் உள்ளதானே அக்கா இருந்தேன்."

வாஸ்தவம்தான். மார்க் அக்கா பதிவைப் பற்றியே யோசித்ததில், எதிரில் ஒரு ஆள் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டிருந்தாள்.

"நேராக் கேக்கறேன் அக்கா. கோவிச்சுக்காதீங்க. இன்னும் சாகணுங்கற முடிவுலதான் இருக்கீங்களா?"

கண்ணாடிக்கு வெளியே ஒரு பிள்ளை யாரிடமோ சோப்புத் தூள் அளவு சொல்லிக்கொண்டிருந்தான். இவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கோடு ஓடியது. லைனில் மௌனம் விழுந்தால் உடனே, இருக்கீங்களா என்று கேட்க வேண்டும் என்பது அந்தப் புகார்ப் பிரிவின் சட்டம். கேட்காவிட்டால் மார்க் போய்விடும். சட்டத்தை எழுதியவளே அவள்தான். அந்தப் பெண் கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போகவில்லை. கேட்டுட்டிருக்கேன் என்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் வந்தது, அழுது அடைத்த மூக்கின் மூச்சு. குரூப் லீடர் கதவருகே நின்று, ஏதாவது பேசுங்கள் என்று கையைக் காட்டினான். இவள் போ என்று கையை வீசினாள்.

"ஆமா," என்றாள் கடைசியில். "நாளைக்கு. அந்த முடிவுலதான் இருக்கேன்."

"சரி. நானும் மேடமும் வண்டியில ஏறிட்டோம். வர்ற வரைக்கும் போனை மட்டும் வெக்காதீங்க. இதுக்கு மேல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல அக்கா. பேச வேண்டாம். இப்படியே இருக்கலாம்."

மண்டைக்குள் பேனா வழக்கம்போல் எழுந்தது. எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

முதலில் வந்து சேர்ந்தது புருஷன்தான். கடையின் நீலக் கோட்டைக் கழற்றவில்லை. கையில் லென்ஸ் துடைக்கும் துணி. பார்வையாளர் அட்டையைத் தலைகீழாக மாட்டியிருந்தார். மாடிப்படி ஏறி வந்த இரைப்போடு கண்ணாடிக் கதவைத் திறந்தவர், பக்கத்தில் நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார், திருகாணி தேடுகிற மாதிரி முட்டி போட்டு. நான் இருக்கேன்ல என்று சொல்வார் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் சொல்லவில்லை.

"அந்த மெஷினை நீ எனக்கு எதுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு இப்பதான் புரிஞ்சுது," என்றார். "எனக்கு அது வேண்டாம்."

"மூணாவது பட்டன் பிழியறதுக்கு," என்றாள் அவள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

"தெரியாது. ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் மறந்துட்டேன்."

வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். முதல் பொய்யைப் படுமோசமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, லென்ஸ் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்குள் ஒன்றும் மாறிவிடவில்லை. நாளை வியாழக்கிழமைதான். வெளிச்சம் எதுவும் வரவில்லை, பாரம் எதுவும் இறங்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றவும் இல்லை. அதில் வண்டியின் ஹாரன் கேட்டது. யாரோ ஒரு அம்மாள் டிரைவரிடம் இடது பக்கம் திரும்புங்க என்றார், அதுதான் அந்த மேடம் போலிருக்கிறது. அப்புறம் திரும்பவும் அந்த அடைத்த மூக்கு. புருஷன் அவளுடைய செருப்பின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் தாண்டாமல்.